கட் செய்த அழைப்புக்கும் பச்சை விளக்கு

மலைமுகட்டில் மேகம் கூடி, மண்டபத்தில் மக்கள் கூடி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கம்பம்மெட்டு ஜீப் ஓட்டுநர் சங்கத்தின் தலைவர், பேச்சில் சிக்கனமும் பாதையில் நிதானமும் கொண்ட பெரியவர் காளிச்சாமி அவர்களே, என் வலப்புறம் வீற்றிருக்கும், பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சம்பளம் தந்து என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் எங்கள் நிறுவன உரிமையாளர் கல்பாத்தி வெங்கடகிருஷ்ணன் அவர்களே, விடியுமுன் எழுந்து, உலை இறக்கி, தூக்குவாளி நிரப்பி, மலையேறி ஏலக்காய் எடுத்து, பொழுது சாய மலையிறங்கும் என் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களை ஏற்றிச் செல்லும் முப்பத்தோரு ஓட்டுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுருளியம்மாள் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து, நான் மேடை ஏறியது முதல் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத அவருடைய மகள் ஆர்த்தி அவர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் எலப்புள்ளிக்காரன் ஆனந்தகுமாரின் வணக்கம்.

என்னை எதற்காக இங்கே அழைத்திருக்கிறார்கள் தெரியுமா? புகழ்வதற்காக. இதோ இந்த மேசையில், மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஒரு பொத்தான் இருக்கிறது. நாலரை மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் தலைவர் அந்தப் பொத்தானை அழுத்துவார். அழுத்தினால் 'மலைக்காவல்' என்னும் எங்கள் எச்சரிக்கைத் திட்டம் மறுபடி உயிர் பெறும். நாளை திங்கட்கிழமை விடிகாலையில் இருந்து உங்கள் உயிருக்கு அது பொறுப்பு. 'பத்து நிமிஷம் நல்லதா நாலு வார்த்தை பேசுடா' என்று சொல்லித்தான் என்னை ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நல்லதாகப் பேச முடியாது. உள்ளதைத்தான் பேச முடியும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே கம்பத்தில் இருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு வரும் மலைப்பாதையில் மழை மிஞ்சினால் மண் சரியும். இந்தப் பக்கத்து மொழியில் உருள்பொட்டல். அதற்காக வளைவுக்கு வளைவு மழையளக்கும் பெட்டிகளை வைத்தோம். மழை எல்லை தாண்டினால் பெட்டி கணினிக்குச் சொல்லும். கணினி முப்பத்தோரு ஓட்டுநர்களுக்கும் தானாகவே போன் போட்டு, 'இன்று வண்டி எடுக்காதீர்கள்' என்று பேசும். எல்லாம் சரியாக நடந்ததா என்று காட்ட, கஞ்சிக்கோட்டில் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய பலகை. ஓட்டுநருக்கு ஒரு விளக்கு. தகவல் போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. எனக்கும் அழகாகத்தான் இருந்தது, நான்தானே அதைக் கட்டினேன்.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. அந்தக் கிழமையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. விடிகாலை நாலே முக்காலுக்கு நாலாம் வளைவுப் பெட்டி அலறியது. ஐந்து மணிக்குக் கணினி முப்பத்தோரு பேருக்கும் போன் போட்டது. ஐந்தே காலுக்குச் சுவர்ப் பலகையில் முப்பத்தோரு பச்சை. ஐந்தரை மணிக்கு வீரபாண்டி தன் ஜீப்பில் பதின்மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறினார். ஆறேகாலுக்கு நாலாம் வளைவில் மலை இறங்கி வந்தது.

என்னங்க? பின்னாலிருந்து யாரோ 'எதுக்கு அதப் போயிக் கெளறுற' என்கிறீர்கள். கிளறத்தான் வந்திருக்கிறேன். ஆறாத புண்ணுக்கு மேலே பவுடர் போட்டால் ஆறிவிடுமா? கேளுங்கள்.

ஏழேகால் மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியது ஆர்த்தி. “சார், அம்மா இன்னும் தோட்டத்துக்குப் போய்ச் சேரல. கங்காணி கேக்குறாரு. ரோட்டுல ஏதாச்சும் ஆயிருச்சா?” அந்த போனை எடுத்தவன் வேறு யாரோ அல்ல. அன்று காலைப் பணியில் இருந்தவன் நான். கஞ்சிக்கோட்டில் அன்று நல்ல வெயில். நான் சுவரைப் பார்த்தேன். முப்பத்தோரு பச்சை. “பயப்படாதீங்க அம்மணி. எல்லா டிரைவருக்கும் சொல்லியாச்சுங்க. ரோட்டுல ஒரு வண்டி கூடக் கெடையாது. மழைக்கு எங்கியாச்சும் ஒதுங்கி நிப்பாங்க” என்றேன்.

எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். அதே கேள்வி, அதே பதில். எட்டே முக்காலுக்கு மூன்றாம் முறை. இந்த முறை என் குரல் கொஞ்சம் ஏறியது. “சிஸ்டம் தப்பாச் சொல்லாதுங்க” என்றேன். அப்போது இந்தப் பெண் என்னைக் கேட்டார்: “சார், நீங்க ரோட்டப் பாத்துச் சொல்றீங்களா, பொட்டியப் பாத்துச் சொல்றீங்களா?”

 போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு ஆர்த்தி நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கே இருந்தவர் நம் தலைவர் காளிச்சாமி. வீரபாண்டியும் மற்றவர்களைப் போல வீட்டில்தான் இருப்பார் என்று அதுவரை நினைத்திருந்தவர், ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு பலகையைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்து வண்டியில் போட்டார். பத்தரை மணிக்கு ஜீப்பைக் கண்டுபிடித்தார்கள். முன்னாலும் சரிவு, பின்னாலும் சரிவு, நடுவில் ஒருக்களித்துக் கிடந்த வண்டி. போன் எடுக்காத இடம், கத்தினால் கேட்காத மழை. பதினான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். சுருளியம்மாளின் வலக்கை மட்டும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நாலேகால் மணி நேரமாக மாட்டிக்கிடந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கையை எடுக்க வேண்டி வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

தோழர்களே, தாய்மார்களே, இங்கேதான் என் கேள்வி. மழை பொய் சொன்னதா? இல்லை. பெட்டி பொய் சொன்னதா? இல்லை. கணினி போன் போடவில்லையா? போட்டது. பிறகு எங்கே தவறியது? இந்தக் கேள்வியோடு நாங்கள் பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தோம். பெட்டியில் இருந்து ஓட்டுநரின் சட்டைப்பை வரைக்கும் ஒரு செய்தி எட்டுக் கை மாறுகிறது. பெட்டி, கம்பியில்லா இணைப்பு, எங்கேயோ ஊரில் இருக்கும் கணினி, அங்கிருந்து ஒரு தொலைபேசி நிறுவனம், அங்கிருந்து இன்னொன்று, இந்த மாநிலத்துக் கோபுரம், அந்த மாநிலத்துக் கோபுரம், கடைசியில் ஒரு மனிதனின் கை. எட்டில் எந்தக் கை நழுவவிட்டது? இயந்திரத்தைக் கேட்டோம். 'வெற்றி' என்றது. எப்படி வெற்றி? 'வெற்றி.' யார் எடுத்தார்கள்? 'வெற்றி.' எத்தனை விநாடி பேசினார்கள்? 'வெற்றி.' கிளிப்பிள்ளை தோற்றது.

ஏன் அதற்கு வேறு பதில் தெரியவில்லை? ஒவ்வொரு கை மாறும்போதும் என்ன நடந்தது என்று அது முதலில் எழுதிக்கொண்டுதான் இருந்தது. 'வளவளன்னு எழுதிக்கிட்டு இடத்தை அடைக்குது, வெற்றியா தோல்வியான்னு மட்டும் எழுதினாப் போதும்' என்று சொல்லி அந்த எழுத்தை அணைத்தவன் ஒருவன் உண்டு. அவனுடைய பெயர் ஆனந்தகுமார். கைதட்ட வேண்டாம், அது தட்டக்கூடிய காரியம் அல்ல.

பதில் இயந்திரத்தில் கிடைக்கவில்லை, தேநீர்க்கடையில் கிடைத்தது. இருபதாம் நாள் நான் இந்த ஊருக்கு வந்து, கையில் கட்டோடு இருந்த வீரபாண்டி முன்னால் உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. இரண்டு முறை மணி அடித்ததும், எடுக்காமல், யார் என்று கூடப் பார்க்காமல், கட் செய்துவிட்டு அவர் பாட்டுக்கு டீயை ஆற்றினார். “ஏனுங்க, எதுக்குக் கட் பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

“அதுவா சார்? காலைல ஆளுக சேந்துட்டா சுருளியக்கா ரெண்டு ரிங்கு விடும். நான் கட் பண்ணுனா, இந்தா கெளம்பிட்டேன்னு அர்த்தம். போன எடுத்துப் பேசுனா காசு போகும்ல, அந்தக் காலத்துப் பழக்கம். இப்ப காசு போகாட்டியும் கை நிக்க மாட்டேங்குது. இங்கிட்டு அம்புட்டு டிரைவரும் அப்படித்தான்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அடித்தது சுருளியம்மாள் அல்ல, எங்கள் கணினி. வீரபாண்டி கட் செய்தார், 'இந்தா கெளம்பிட்டேன்' என்ற அர்த்தத்தில். கட் செய்த அழைப்பில் என்ன நடக்கும்? நெட்வொர்க்குக்காரர்கள் பதிவு செய்து வைத்த ஒரு அம்மா வந்து, 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்று பேசுவார். தமிழ்நாட்டு சிம் என்றால் தமிழில், கேரளத்து சிம் என்றால் மலையாளத்தில். எதிர்முனையில் மனிதக் குரல் கேட்டதும் எங்கள் கணினி என்ன செய்தது? ஓட்டுநர் எடுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, 'நாலாம் வளைவில் ஆபத்து, வண்டி எடுக்காதீர்கள்' என்று அந்தப் பதிவுக்குரல் அம்மாவிடம் பணிவோடு எடுத்துச் சொல்லிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது.

அன்று இருபத்திரண்டு பேர் எடுத்துக் கேட்டீர்கள், வண்டி எடுக்கவில்லை. ஒன்பது பேர் கட் செய்தீர்கள். அதில் எட்டு வண்டி தாமதமாகக் கிளம்பி, சாலை அடைபட்டதை அடிவாரத்திலேயே அறிந்து திரும்பியது. முதலில் கிளம்பிய ஒரு வண்டி போயே போய்விட்டது. ஒன்பது முறை அந்த அம்மாவுக்கு எச்சரிக்கை சொன்னோம். அவருக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை.

இது யாருடைய குற்றம்? வீரபாண்டியின் குற்றமா? எழுந்திருக்காதீர்கள் வீரபாண்டி, தலையைக் குனியாதீர்கள். காலம் காலமாக உங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு பாஷை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டி வைக்க வந்தவன் குற்றம். தெரியாததுகூடக் குற்றமில்லை. எல்லாவற்றையும் எவனுக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாதது நடந்தால் அது கண்ணில் படுகிற மாதிரி வைக்காததுதான் குற்றம். 'ஒன்பது அழைப்பு இரண்டாம் மணியிலேயே துண்டிக்கப்பட்டிருக்கிறதே, ஏன்?' என்று அன்று ஐந்தேகாலுக்கு ஒருவன் கேட்டிருந்தால் போதும். கேட்க ஆள் இருந்தான். சொல்ல இயந்திரத்துக்கு வாய் இல்லை. அந்த வாயை அவனே அடைத்துவிட்டான்.

அப்படிக் கண்ணில் பட வைப்பதற்குப் படித்தவர்கள் வைத்த பெயர் அப்சர்வபிலிட்டி. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், நான் அதை 'உள்ளே தெரிவது' என்பேன். கண்காணிப்பு வேறு, இது வேறு. கண்காணிப்பு என்பது நமக்குத் தெரிந்த கேள்விக்கு விளக்குப் போட்டு வைப்பது. ஓடுகிறதா, நின்றதா? போனதா, போகவில்லையா? நமக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி ஒன்று நாளைக்கு ஒரு பெண்ணின் வாயில் இருந்து வருமே, அதற்கும் இயந்திரம் உள்ளதைத் திறந்து காட்ட வேண்டும். ஒரே ஒரு அழைப்பைச் சுட்டிக்காட்டி, 'இது எங்கே கிளம்பியது, எந்தக் கையில் எத்தனை விநாடி நின்றது, எங்கே செத்தது?' என்று கேட்டால் முழுத் தடத்தையும் சொல்ல வேண்டும். எட்டுக் கை மாறும் இயந்திரத்துக்கு ஒற்றை விளக்கு போதும் என்று நினைப்பவன், பதின்மூன்று பேர் ஏறிய வண்டியின் ஹாரனை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மலையேற்றுகிறவன்.

மருத்துவமனையில் சுருளியம்மாளைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், பொறியாளன் புத்தி, விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மழை அளந்தது, கணினி சொன்னது, போன் போனது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஏந்தம்பி, மழ பேஞ்சது தெரிஞ்சிருக்கு, போன் போட்டது தெரிஞ்சிருக்கு. நான் கீழ கெடந்தது மட்டும் ஒங்க பொட்டிக்குத் தெரியலையாக்கும்?” அவ்வளவுதான். அதட்டவில்லை, அழவில்லை. நான் அன்று இரவு முழுவதும் அழுதேன்.

சீட்டு வருகிறது. 'முடித்துக்கொள்ளவும்' என்று எழுதியிருக்கிறது. மணி நாலு பத்து. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது ஐயா, பொறுத்தருளுங்கள்.

ஏன் அவசரம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். திட்டத்தைத் திருத்தினோம். அணைத்த எழுத்தை மறுபடி போட்டோம். இப்போது செய்தியைக் கேட்ட ஓட்டுநர் போனில் ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த வண்டியில் ஏறும் பெண்களின் தலைவிக்குத் தகவல் போகும். ஒவ்வொரு அழைப்பின் தடமும் ஒரு திரையில் தெரியும். இதுவரை எங்கள் முதலாளி ஐயாவுக்கும் எனக்கும் சண்டை இல்லை. திரையை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. நான் ஜீப் ஸ்டாண்டில் வைக்க வேண்டும் என்கிறேன். ஐயா சொன்னது இது: “தப்பையெல்லாம் ஊரறியத் திரை போட்டுக் காட்டப்படாது, ஆனந்தகுமார். நாலு பேர் பார்த்தா கம்பெனிக்கு என்னடா மதிப்பு இருக்கும்? ஆபீஸோட இருக்கட்டும்.” அதனால் ஸ்டாண்டுக்கு என்று இந்த மண்டபத்தில் மாட்டியிருப்பது பழைய பலகையேதான். கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள், பச்சை கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது.

ஐயா நல்ல மனிதர். சுருளியம்மாளின் மருத்துவச் செலவில் ஒரு குறை வைக்கவில்லை, அதையும் இந்த மேடையில் சொல்வேன். ஆனால் ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் கம்பெனிக்கு மதிப்பு வருமா? நாலு பேர் பார்த்தால் மதிப்புப் போகும் என்கிறீர்கள். நாலு பேர் பார்த்திருந்தால் ஒரு கை போயிருக்காது.

என்னங்கய்யா? 'போறும், நாழியாறது' என்கிறார். பொத்தானை நோக்கித் தலைவரின் நாற்காலியை நகர்த்தச் சொல்கிறார். தலைவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அழுத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை. முப்பத்தோரு ஓட்டுநர்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். மேடையில் நம் தலைவரும் அதில் ஒருவர். என் மடிக்கணினியில் இருந்து சோதனை அழைப்பு விடுகிறேன். இந்தப் பக்கம் பளபளக்கும் பச்சைப் பலகை. அந்தப் பக்கம், என் சொந்தப் பொறுப்பில், வெள்ளைச் சுவரில் அந்தத் தடத்திரை. வேலை போனால் போகட்டும். இரண்டையும் நீங்களே பாருங்கள்.

இதோ.

அடிக்கிறது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, முருகன் பாட்டு ஒன்று, சேவல் கூவல் ஒன்று. எடுங்கள், கேளுங்கள், ஒன்றை அழுத்துங்கள். வீரபாண்டி எடுத்துவிட்டார், அழுத்திவிட்டார். நன்றி வீரபாண்டி.

முடிந்தது. பச்சைப் பலகையைப் பாருங்கள். முப்பத்தொன்று. முழு வெற்றி. கைதட்டாதீர்கள், இந்தப் பக்கம் திரும்புங்கள். முப்பது கோடுகள் கடைசி வரை போயிருக்கின்றன. ஒரு கோடு பாதியில் நிற்கிறது. 'மணி அடித்தது. இரண்டாம் மணியில் துண்டிக்கப்பட்டது. பதிவுக்குரல் பேசியது. ஓட்டுநருக்குச் செய்தி சேரவில்லை.' பெயர் எழுதியிருக்கிறது. காளிச்சாமி.

தலைவர் அவர்களே, தவறாக நினைக்காதீர்கள். மேடையில் போன் அடித்தால் கட் செய்வது மரியாதை. அதைத்தான் செய்தீர்கள். மண்வெட்டி எடுத்து மலையேறிய மனிதர் நீங்கள், உங்களுக்கே கை அப்படிப் போகிறது. நாளைக் காலையும் போகும்.

முன்வரிசையில் என்ன? சுருளியம்மாள் எழுந்து நிற்கிறார். இடக்கையில் போன். வீரபாண்டியின் ஜீப் நொறுங்கிய பிறகு அவருடைய ஆட்கள் இப்போது தலைவரின் வண்டியில்தான் போகிறார்கள். அவர்களின் தலைவி என்ற முறையில் அவருக்குத் தகவல் போயிருக்கிறது. ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். “காளிச்சாமி, ஒனக்குச் சேதி வரலைன்னு எனக்குச் சேதி வந்துருச்சு. ஒன் வண்டில நாங்க ஒருத்தியும் ஏற மாட்டோம்.”

 தலைவர் நாற்காலியைப் பொத்தானிடம் இருந்து பின்னால் இழுத்துக்கொண்டார். எங்கள் ஐயா வெள்ளைச் சுவரைப் பார்க்கிறார். நெடுநேரமாகப் பார்க்கிறார். ஐயா, என்ன? இந்தத் திரையையே ஸ்டாண்டில் மாட்டிவிடலாம் என்கிறீர்களா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் ஐயா, நான் சொன்னால் என் வார்த்தையாகிவிடும். “மாட்டிடு. இன்னிக்கே மாட்டிடு.” கேட்டீர்களா மக்களே?

மணி நாலரை தாண்டிவிட்டது. பொத்தானை ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு அழுத்தலாம், அதுவரை ஆணி அடிக்கலாம், ஏணி கொண்டு வாருங்கள்.

ஆர்த்தி அவர்களே, உங்களுக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அன்று நான் பார்த்தது பெட்டியை. நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. இனி நீங்கள் கூப்பிட்டால், தெரிந்தால் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்வேன், தெரியாவிட்டால் 'தெரியாதுங்க அம்மணி, ஆளை அனுப்புகிறேன்' என்று சொல்வேன்.

தலைமை ஏற்று, ஒரு கோட்டுக்காகக் கோபிக்காமல் இருந்த பெரியவருக்கும், சுவரைப் பார்க்கத் துணிந்த எங்கள் ஐயாவுக்கும், வீரபாண்டிக்கும், தாய்மார்களுக்கும், என்னைத் திட்டாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நாளைக் காலை எல்லோரும் பத்திரமாக ஏறிப் பத்திரமாக இறங்குங்கள். வணக்கம்.